சன்ஸ்கிரீன் டியூபின் பின்பக்கம்

எங்கள் நெட்டுக்குப்பத்தில் ஒரு பெண் முகத்துக்கு ஏதாவது வாங்கினால், அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கறுப்பைப் போக்க ஒரு களிம்பு உண்டு என்பது என் அம்மாவின் தலைமுறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெயிலைத் தடுக்க ஒன்று உண்டு என்பது யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் ஊரின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறு. மேலே விழும் புற ஊதாக் கதிரில் கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் உலர்ந்த மணல் சுமார் 15 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாலும் கீழிருந்து வெயில் முகத்தில் அடிக்கும்.

என் மாணவி ஒருத்தி, இந்தக் கரையிலிருந்து கல்லூரிக்கு வருபவள், நான்கு சன்ஸ்கிரீன்களின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து கேட்டாள்: “மேம், இதுல எத போட்டா வெள்ளையாவேன்?”

“எதுவும் ஆக்காது” என்றேன்.

“அப்புறம் எதுக்கு மேம் போடணும்?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் டியூபைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முன்பக்கத்தில் படிக்க வேண்டியவை இரண்டுதான். எஸ்.பி.எஃப். என்ற எண், தோலைச் சிவக்க வைத்து எரிக்கும் யு.வி.பி. கதிரைப் பற்றியது. 30 என்றால் சுமார் 97 விழுக்காடு தடுக்கும். 50 என்றால் சுமார் 98. விலையில் தெரிகிற வித்தியாசம் வேலையில் இல்லை. பி.ஏ. என்பதற்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் யு.வி.ஏ. கதிரைப் பற்றியவை. 1996-இல் ஜப்பானில் வந்த முறை இது. யு.வி.ஏ. தோலின் ஆழத்துக்குப் போகும், பேருந்தின் கண்ணாடியையும் தாண்டி வரும். வெயிலில் சிவக்காத நம் தோலில் கருமைத் திட்டுகளை உண்டாக்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே நாம் முதலில் எண்ண வேண்டியது கூட்டல் குறிகளை. மூன்றாவது இருக்க வேண்டும், நான்கு இருந்தால் நல்லது.

பின்பக்கத்தில் உட்பொருள்கள் பொடி எழுத்தில் இருக்கும். கதிரைத் தடுப்பவை இரண்டு குடும்பம். ஒன்று தாது வகை: துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. தோலை உறுத்துவது குறைவு என்பதால் எளிதில் அரிக்கும் தோலுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் இவற்றையே சொல்வார்கள். குறை, வெள்ளையாகப் படிவது. இந்த டைட்டானியம் வேறெங்கிருந்தோ வரும் பொருளும் அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட்டில் இருப்பது அதுதான்.

இன்னொன்று வேதி வகை: ஏவோபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரைலீன், ஆக்சிபென்சோன். பூசினால் தெரியாது. ஆனால் வியர்வையோடு வழிந்து கண்ணை எரிக்கும். ஏவோபென்சோன் வெயில் பட்டால் தானே சிதையும். ஆக்டோகிரைலீன் கூட இருந்தால் தாங்கும், ஆக்டினாக்சேட்டோடு சேர்ந்தால் இன்னும் விரைவாகச் சிதையும். ஆக்சிபென்சோனையும் ஆக்டினாக்சேட்டையும் பவளப்பாறைகளைக் கெடுக்கின்றன என்று சொல்லி ஹவாய் மாநிலம் 2021 முதல் விற்கத் தடை செய்திருக்கிறது. கடலை நம்பி வாழ்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. டினோசார்ப் எஸ், யுவினுல் ஏ பிளஸ் போன்ற புதியவை வெயிலில் சிதையாமல் நிற்பவை. எண்ணெய் வழியும், பரு வரும் தோலுக்கு ஜெல் வடிவம். வறண்ட தோலுக்கு கிளிசரின் சேர்ந்த கிரீம். எந்தத் தோலானாலும் வாசனை சேர்க்காதது நல்லது.

என் சித்திக்குக் கன்னத்தில் மங்கு. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்தது, போகவில்லை. மீன் விற்கும்போது பூசிக்கொள்ள வேதி வகை ஜெல் ஒன்று கொடுத்தேன். “கண்ணு எரியுதுடி, தராசு முள்ளே தெரியல” என்றார். துத்தநாகம் சேர்ந்ததைக் கொடுத்தேன். “இன்னாடி இது, மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சா மாரி கீது?” மூன்றாவதாக, இரும்பு ஆக்சைடு கலந்து பழுப்பு நிறம் ஏற்றியதைக் கொடுத்தேன். அது முகத்தோடு ஒத்துப்போனது. அழகுக்காக மட்டும் சேர்க்கும் நிறமல்ல அது. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண ஒளியும் மாநிறத் தோலில் மங்கைக் கூட்டும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடுதான். நிறமற்ற சன்ஸ்கிரீன்கள் அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை.

நம் தோலுக்கு இவ்வளவு முக்கியமான விஷயம் ஏன் முன்பக்கத்தில் இல்லை? 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வெயில் பட்டால் தோல் எரிகிறதா, கறுக்கிறதா என்று பார்த்து அதை வகை பிரித்தார். முதலில் இருந்த நான்கு வகையும் வெள்ளைத் தோலுக்கானவை. பழுப்பும் கறுப்பும் பிறகே ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் சேர்ந்தன. அதே 1975-இல்தான் இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ விற்பனைக்கு வந்தது. பெயர் மாற 2020 வரை ஆயிற்று. நம் தோலை அறிவியல் பின்னால் சேர்த்துக்கொண்டது. சந்தை முதலிலேயே குறை சொல்லி வைத்தது. சங்க அகப்பாடல்களில் மாமை, மாந்தளிர் போன்ற அந்தக் கருமை, பெண்ணின் அழகு. பிரிவில் அது கெட்டு மேனி வெளிறுவதுதான் நோய். இதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள். பாடத்தில் மாமை, வீட்டில் மாப்பிள்ளை வீட்டார்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்குச் சித்தி மகள் நினைவுக்கு வருவாள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுத்த களிம்பை எட்டு மாதம் பூசினாள். முதல் மாதம் முகம் வெளுத்தது, எல்லோரும் மெச்சினார்கள். பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது, வாசலில் நின்றாலே முகம் எரிந்தது. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. 2018-இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன்: இந்தப் பெயர்களைப் பின்பக்கத்தில் பார்த்தால், மருத்துவர் எழுதித் தராதவரை முகத்தில் வைக்காதீர்கள். சன்ஸ்கிரீனைப் படிக்கக் கற்றுக்கொண்ட கண் இதையும் படிக்கும். மாணவிகளுக்கு நான் சொல்லித்தர விரும்புவது இதற்காகத்தான்.

வீட்டு வைத்தியத்துக்கும் இதே கவனம் தேவை. மீன் வாடை போக எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால், சாறு பட்ட இடம் கொப்பளித்துக் கறுக்கும். சாற்றில் உள்ள பொருள் ஒளியோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது. எங்கள் பெண்களின் புறங்கையில் இருக்கும் திட்டுகளில் சில இப்படி வந்தவை.

இனி கணக்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், சுமார் ஒரு கிராம் வேண்டும். எஸ்.பி.எஃப். எண்ணே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது. குறைத்துப் பூசினால் அந்த எண் பொய். வியர்க்கிறவர்கள் இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடி பூச வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை தெருவில் உட்கார்ந்தால் மூன்று தரம். 50 கிராம் டியூப் பதினேழு நாள் வராது. சித்திக்கு நான் வாங்கியது 500 ரூபாய். மாதம் இரண்டு. “எம்மாம்?” என்று கேட்டவர், விலையைச் சொன்னதும் டியூபை என்னிடமே நீட்டினார். “நீ போட்டுக்கடி. நீதான் ஏசி ரூம்ல கீற.” வெயில் அதிகம் படுகிறவளுக்கு எட்டாத விலையில், வெயில் குறைவாகப் படுகிறவளுக்காக இது விற்கிறது.

கறுப்புத் தோலுக்கு இயற்கையான காப்பு கொஞ்சம் உண்டு. தோல் புற்றுநோய் வெள்ளையர்களைவிட நம்மிடம் மிகக் குறைவு. அதற்காக வெயில் நம்மை ஒன்றும் செய்யாது என்பது வசதியான பொய். மங்கு வரும், கருவிழி மேல் சதை வளரும், தோல் முன்னதாகவே சுருங்கும். கண்ணில் வளரும் சதையை எந்தக் களிம்பும் தடுக்காது. அதற்கு அகல விளிம்புத் தொப்பி வேண்டும், நெருங்கிய நெசவில் அடர்நிறத் துணி வேண்டும். நனைந்த பருத்தி காய்ந்ததைவிட அதிகக் கதிரை உள்ளே விடும் என்பதால், தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு மாற்றுத் துணி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நிழல் வேண்டும்.

2021-இல், கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்பதை அதுவரை யாரும் துன்பமாக எண்ணியதில்லை. தெருவோர மீன்காரிகளின் தலைக்கு மேல் ஒரு கூரை என்பதும் அப்படிக் கேட்டு வாங்க வேண்டியதுதான். அந்தக் கூரை வரும்வரை, உங்களால் வாங்க முடிந்தால் பி.ஏ. மூன்றோ நான்கோ கூட்டல் உள்ள, இரும்பு ஆக்சைடு சேர்ந்த டியூபை வாங்குங்கள். வெளுக்க அல்ல. உங்கள் நிறம் உங்கள் நிறமாகவே இருக்க.