பொத்தான் பட்டணத்தின் பொய்யும் மெய்யும்

ஜெர்மனி தேசத்தின் மேற்குப் பகுதியில், வெஸ்ட்பேலியா மலைப் பிரதேசத்திலே, லூடன்ஷைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரம். சுற்றிலும் காடு, மழைக்கும் குறைவில்லை. வானளாவிய கோபுரங்களையும் மாட மாளிகைகளையும் தேடிச் செல்லும் பிரயாணி சற்று ஏமாந்துதான் போவார். ஆனால் உலோகத்தைத் தட்டி உருவாக்கும் தொழிலில் இவ்வூரார் கைதேர்ந்தவர்கள். பழங்காலத்தில் இரும்புக் கம்பி இழுத்தார்கள். பிறகு உலோகப் பொத்தான்கள் செய்து, ‘பொத்தான் பட்டணம்’ என்றே பெயர் வாங்கினார்கள். 1900-ஆம் ஆண்டில் பறந்த முதல் செப்பலின் ஆகாயக் கப்பலின் அலுமினியச் சட்டங்களும், கார்ல் பெர்க் என்ற இப்பகுதித் தொழிலதிபரின் முயற்சியால் உருவானவையே.

சட்டைக்குப் பொத்தான் செய்த கைகள், சிப்பாயின் இடைவாருக்குப் ‘பக்கிள்’ செய்வதும் இயல்புதானே! வாரின் இரு நுனிகளையும் முன்புறத்தில் சேர்த்துப் பூட்டும் உலோகத் தகடு அது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் சேனை அணிந்த பக்கிள்களில் மிகப் பல இவ்வூர்ப் பட்டறைகளிலிருந்து சென்றவை. இன்று அவற்றைத் தேடிச் சேகரிப்போர் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். தேடுவோர் பெருகினால், போலி செய்வோரும் பெருகுவது உலக வழக்கம்.

தங்கத்துக்கு உரைகல் உண்டு. இரும்புக்கு என்ன செய்வது? அதற்கும் விடையை இவ்வூர்ப் பட்டறைத் தொழிலே சொல்லிக் கொடுக்கிறது. அசல் பக்கிளில் பெரும்பாலானவை, எஃகு அச்சின்மேல் தகட்டை வைத்து ஓங்கி அடித்து எடுத்தவை. ஆகையால் கழுகின் இறகும் எழுத்தின் விளிம்பும் கூர்மையாக நிற்கும். முன்புறத்து மேடு பின்புறத்தில் பள்ளமாகத் தெரியும். போலி செய்வோர் பலர், அசலை வைத்து மண்ணிலோ ரப்பரிலோ படி எடுத்து, உலோகத்தை உருக்கி வார்க்கிறார்கள். வார்த்த பொருளில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். சிறு குமிழிகளின் தடம் இருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால், போலி அசலைவிட ஒரு நூல் சிறியதாகவும் இருக்கும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1936-இல் தரைப்படைக்குப் புதிய பக்கிள் வந்தது: நடுவே ஸ்வஸ்திகச் சின்னத்தைப் பற்றிய கழுகு, அதன்மேல் ‘கடவுள் நம்முடன்’ என்ற பிரஷ்ய ராஜாங்கத்தின் பழைய வாசகம். ஆரம்பத்தில் அலுமினியத்தில் செய்தார்கள். யுத்தம் முற்றிய பின், எஃகுத் தகட்டில் அடித்துச் சாம்பல்பச்சை வர்ணம் பூசினார்கள். பல பக்கிள்களின் பின்னால் தோல் நாக்கு ஒன்று தைத்திருக்கும். அதில் செய்தவர் பெயரும் ஆண்டும் முத்திரையாகப் பதிந்திருக்கும். உலோகத்துக்கும் ஆண்டுக்கும் பொருத்தமில்லையானால் சந்தேகம் எழவேண்டும். புது நூலால் தைத்த தோலைப் புற ஊதாக் கதிரின் கீழ்ப் பிடித்தால், நூல் நீல நிறமாய் ஒளிர்ந்து குட்டை வெளிப்படுத்துவதுண்டு.

ஆயினும் இந்தப் பரீட்சைகள் எல்லாம் உலோகத்தோடு நின்றுவிடுகின்றன. “இது இன்ன தளபதியின் இடுப்பில் இருந்தது, இன்ன போர்க்களத்தில் எடுத்தது” என்று விற்பவன் சொல்லும் கதைக்கு உரைகல் எங்கே? ஸ்டுட்கார்ட் நகரத்தில் கொன்ராட் குயாவ் என்ற நாஜிப் பொருள் வியாபாரி இருந்தான். உண்மையான பழைய தலைக்கவசத்தோடு, “ஹிட்லர் அணிந்தது” என்று தானே எழுதிய அத்தாட்சியைச் சேர்த்து விற்றவன் அவன். பொருள் மெய், கதை பொய்! அந்தத் துணிவுதான் பிறகு ‘ஹிட்லரின் நாட்குறிப்புகள்’ வரையில் சென்றது. ஸ்டெர்ன் பத்திரிகை அவற்றுக்காக 93 லட்சம் மார்க் கொடுத்து, 1983-இல் ஏமாந்து நின்றது. யுத்தத்திற்குப் பிந்திய ரசாயனம் காகிதத்தில் இருப்பதைப் பரிசோதனை காட்டிக் கொடுத்தது. 1985-இல் குயாவ் சிறைத் தண்டனை பெற்றான்.

போலிப் பக்கிளால் நஷ்டம் வாங்கியவனின் பணப்பைக்கு மட்டுமா? அப்படி நினைப்பவர்கள் லூடன்ஷைட்டை அடுத்த வெர்ஸே பள்ளத்தாக்குவரை போய்ப் பார்க்கவேண்டும். அங்கே ஹுன்ஸ்விங்கெல் என்ற இடத்தில் 1940-இல் ரகசியப் போலீஸார் ஒரு முகாம் அமைத்தார்கள். அதற்கு ‘உழைப்புப் போதனை முகாம்’ என்று அழகான பெயர்! வேலையில் ஒழுங்கில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை அங்கே அடைத்து, அணைக்கட்டு வேலையில் வாட்டினார்கள். மாண்டவர் நூற்றுக்கணக்கானோர், சோவியத் நாட்டிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்களே அவர்களில் மிகுதி.

தோல் நாக்கிலே ஊர்ப் பெயரோடு ‘1941’ என்று பதிந்த அசல் பக்கிள் ஒன்று கையில் இருந்தால், அது இந்த ஊரையும் இந்த ஆண்டையும் நம் கண்முன் நிறுத்துகிறது. அதே ஆண்டில், அதே மலையடியில், மனிதர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று விசாரிக்கத் தூண்டுகிறது. போலிக்கு ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை. அது யாரையும் எதையும் விசாரிக்க விடுவதில்லை; வெறும் வீரக் கதையை மட்டும் விற்கிறது. அசல் என்பது பெருமைக்குரிய ஆபரணம் அன்று. கூண்டில் ஏற்றி விசாரிக்கத்தக்க ஒரு சாட்சி. பொய்ச் சாட்சி நுழைந்தால் வழக்கே கெட்டுவிடும் அல்லவா?

ஜெர்மானியரும் இதை உணர்ந்தே சட்டம் செய்திருக்கிறார்கள். நாஜிச் சின்னங்களைப் பொதுவிடத்தில் காட்டுவது அங்கே குற்றம். சரித்திரம் போதிப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு உண்டு. சின்னத்தை அணிவது வேறு, அதிலிருந்து கற்பது வேறு என்பதே அதன் உட்கருத்து.

பொத்தான் பட்டணம் இக்காலத்தில் மின்சார விளக்குகள் செய்வதில் கீர்த்தி பெற்று விளங்குகிறது. அங்கே செல்லும் நேயர்கள் எவரேனும் பழம்பொருள் கடையில் ஒரு பக்கிளைக் காண நேர்ந்தால், முன்பக்கத்துக் கழுகைப் பார்த்து மயங்க வேண்டாம். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். உண்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.