பாட்டிலுக்குள் ஒரு குற்றாலம்

குற்றாலம் என்றதும் அருவியும் சாரலும் குரங்குகளும் நம் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே உதிர்ந்த இலைகளுக்கு அடியில் ஓசையின்றி உழைத்து வாழும் உயிர்க்கூட்டம் ஒன்று உண்டு. அதனைக் காண எவரும் செல்வதில்லை. அத்தகைய கூட்டத்தை நான் கண்டது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்!

மூடிய கண்ணாடிக்குள் செடி வளர்ப்பது புதிதன்று. 1829இல் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் பாட்டிலில் அடைத்து வைத்தார். பூச்சியை எதிர்பார்த்தவர் முன் பெரணியும் புல்லும் முளைத்தன. பின்னர் அவர் பெயர் பெற்ற கண்ணாடிப் பெட்டிகளில்தான் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கப்பலேறி இந்தியா வந்தன.

காட்டு மண்ணை நான் தொடவில்லை. தென்காசியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்தே பாசியும் ஒரு சிறு பெரணியும் இரு கைப்பிடி மண்ணும் சில பலாச் சருகுகளும் எடுத்தேன். நீர் தெளித்து மூடி, நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்தேன். மறுநாளே கண்ணாடியில் முத்து முத்தாக நீர்! மண்ணின் ஈரம் ஆவியாகிக் குளிர்ந்து மீண்டும் மண்ணுக்கே வழிந்தது.

ஐந்தாம் நாள் சருகின்மேல் வெண்பூசணம் படர்ந்தது. இனி எல்லாம் அழுகிவிடும் என்றே எண்ணினேன். அப்போதுதான் அவை வெளிப்பட்டன. எள்ளினும் சிறிய வெள்ளைப் பூச்சிகள்! வயிற்றின் கீழே மடித்து வைத்த கவைவாலைத் தட்டித் துள்ளின. பூசணத்தை மேய்ந்தன, சில நாளில் அது குறைந்தது. அரிசியளவு நத்தையொன்று கண்ணாடியில் ஏற, அதன் பாதத்தில் அலையலையாய் ஓடிய அசைவைக் கீழிருந்து கண்டு வியந்தேன். மண்ணோடு வந்த மரவட்டை சருகைத் தின்று, கசகசா போன்ற எச்சமிட்டது. அதுவே செடிக்கு உரம்.

ஒருநாள் பாட்டி பார்த்துவிட்டு, "ஏலே, உசுரப் புடிச்சு அடைச்சு வச்சிருக்கியே, பாவமில்லையா?" என்றாள். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் கணக்குப் பார்த்தேன். பூச்சிகளுக்குப் பூசணம் போதும். நத்தைக்குப் பாசி போதும். மரவட்டைக்கோ சருகு போதாது. பெரணி ஓர் இலை உதிர்ப்பதற்குள் அது மூன்று சருகுகளை நரம்பாக்கியிருந்தது. மூடியைத் திறந்து, அதனைக் கிணற்றடியிலேயே விட்டேன். மற்றவை இன்றும் உள்ளேயே வாழ்கின்றன. பாட்டியின் கேள்விக்கு இது பாதி விடைதான்.

நண்பர்களே! பாட்டிலுக்குள் குப்பை என்று ஒன்றில்லை. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. உதிர்வதற்கு மேல் உண்பவர் மிகுந்தால் மட்டுமே அங்கே பஞ்சம். சீசன் நாளில் அருவிக்கரையில் நாம் வீசும் ஷாம்பூ உறையைத் தின்ன எந்தப் பூச்சி இருக்கிறது? பாட்டிலின் மூடியை நான் திறந்தேன். மலைக்கு மூடியும் இல்லை. எறிந்ததைக் கொண்டுபோய்க் கொட்ட வெளியும் இல்லை.