புள்ளிகளால் எழுதிய காணி உறுதி

அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் சென்றால், செம்மண் பரந்த வறண்ட பிரதேசமொன்று வரும். ஆறு உண்டு; பெரும்பாலான மாதங்களில் அதில் மணல்தான் கிடக்கும். 1920களில் அங்கே மாட்டுப் பண்ணை அமைத்த வெள்ளையர் அதற்கு யுட்டோப்பியா என்று பெயர் வைத்தனர். குறையேதும் இல்லாத கற்பனை நாடு என்பது அதன் பொருள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகள் தம் சொந்த மண்ணிலேயே பண்ணைக் கூலிகளானார்கள்.

அவர்களுள் ஒருவர் எமிலி காமே உங்வாரே. 1910ஆம் ஆண்டளவில் பிறந்தவர். ‘காமே’ என்பது அந்நிலத்தில் வளரும் ஒரு கிழங்குக் கொடியின் விதையைக் குறிக்கும் சொல்.

1977இல் அவ்வூர்ப் பெண்கள் பற்றிக் வேலை பழகினார்கள். 1979 அளவில் நில உரிமை விசாரணை நடந்தபோது அவர்கள் கையில் எழுத்திலான உறுதி எதுவும் இருக்கவில்லை. உடலிலே குலத்துக்குரிய கோலங்களை வரைந்து, தம் நிலத்தின் பாடல்களைப் பாடி ஆடிக் காட்டினார்கள். அதுவும் சாட்சியமாயிற்று. நிலம் மீண்டது.

மெழுகு உருக்குவதும் துணியைக் கொதிநீரில் அவிப்பதும் முதுமையில் எமிலிக்குச் சிரமமாயின. 1988இல், எண்பது வயதை அண்மித்த நிலையில், தூரிகையை எடுத்தார். கன்வஸ் துணியை நிலத்தில் விரித்து, சம்மணமிட்டு அமர்ந்து வரைவார். ஆரம்பகால ஓவியங்களில் முதலில் கோடுகள் ஓடும். அவை மண்ணுக்குள் பரவும் கிழங்கின் வேர்கள். பின்பு அவற்றின்மேல் புள்ளி வைப்பார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று புள்ளிமேல் புள்ளி விழும். அவை விதை, பூ, மழைக்குப் பின் தளிர்க்கும் நிலம். முடிவில் வேர்கள் அநேகமாக மறைந்துவிடும். மறைந்தாலும் படம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

1995இல் புள்ளிகளை விட்டு வேர்களை மட்டுமே வரைந்தார். கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடுகள். அகலம் 8 மீற்றர். இரண்டே நாளில் முடித்த அந்த ஓவியம் மெல்பேர்ணிலுள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1996இல் அவர் காலமானார். எட்டு ஆண்டுகளில் அவர் வரைந்தவை ஏறத்தாழ 3,000 எனக் கணிக்கப்படுகிறது. கிடைத்த பணத்தைச் சுற்றத்தாருடன் பகிர்ந்து வாழ்ந்தார்.

இடம்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்த சகோதரிகள் நம்மிடையே பலர். கிணறு எந்த மூலையில் இருந்தது, எல்லையில் எத்தனை பனை நின்றது, வேலிக்கு அப்பால் யாருடைய வளவு என்பவை உங்கள் நினைவில் இருக்கின்றன. பிள்ளைகளை அருகில் இருத்தி அவற்றை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அந்தத் தாள் சட்டப்படி உறுதியாகாது. ஆனால் பிரதேச செயலகத்தில் உங்கள் காணியைப் பற்றிக் கேட்கும்போது, தடுமாறாமல் பதில் சொல்ல அது உதவும்.