உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

"உழைச்ச உடம்பு, அதுக்கு என்ன நோய் வரும்?" என்று ஊரில் சொல்வார்கள். மண்வெட்டி பிடிப்பவருக்கும் மூட்டை சுமப்பவருக்கும் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்பது நம்முடைய நெடுநாள் நம்பிக்கை. தொந்தியும் சர்க்கரையும் பணக்காரர் சொத்து, ஏழையின் உடம்பு தானாகவே இறுகியிருக்கும் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு நிம்மதிகூட இருக்கிறது. அந்த நிம்மதிக்கு நியாயம் இல்லை.

என் அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். அகன்ற முதுகும் திரண்ட தோளுமாகப் பார்ப்பவர் கண்ணுக்குப் பயில்வான்போல இருப்பார். ஐம்பதைத் தாண்டுவதற்குள் முழங்கால் தேய்ந்துவிட்டது. முதுகுவலி இரவுத் தூக்கத்தைத் தின்றது. பிறகு ரத்தக்கொதிப்பும் வந்து சேர்ந்தது. அந்த மண்டி முதலாளி அப்பாவைவிட மூத்தவர். விடியற்காலையில் கைவீசி நடந்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, சற்றுச் சாய்ந்து எழுந்த பிறகே கடைக்கு வருவார். எழுபது வயதிலும் மாடிப்படி ஏற அவருக்குக் கைப்பிடி தேவைப்படவில்லை. இரண்டு உடம்புகளும் அசைந்தன. ஒன்று கூலிக்காக அசைந்தது, மற்றொன்று தனக்காக அசைந்தது.

உடலசைவு இதயத்தைக் காக்கும் என்பதை முதன்முதலில் உறுதியாகக் காட்டியவர்களில் ஒருவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டனின் மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களையும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்டு அவர் செய்த ஆய்வு 1953இல் வெளியானது. இரு சாராரும் ஒரே வர்க்கத்தினர். ஆனாலும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. உழைக்கும் உடம்புக்கு நோயில்லை என்று சொல்பவர்களுக்கு இது சாதகம்போலத் தோன்றும்.

மோரிஸின் நடத்துநர் ஏறியது படிக்கட்டு. அவர் தலையில் மூட்டை இல்லை. வேலையில் செய்யும் கடும் உழைப்பையும் ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சியையும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2018இல் பீட்டர் கூனனும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். வேலையில் மிகுந்த உடலுழைப்பு உள்ள ஆண்களுக்கு, அது குறைவாக உள்ள ஆண்களைவிட முன்கூட்டியே இறக்கும் அபாயம் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எளிது. உடற்பயிற்சி என்பது கொஞ்ச நேரம் இதயத்தை வேகப்படுத்திவிட்டு, பிறகு அதற்கு ஓய்வு தருவது. கூலி வேலையில் அந்த ஓய்வு கிடையாது. மணிக்கணக்காக இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியே நிற்கும். ஒரே மூட்டும் ஒரே தசையும் திரும்பத் திரும்பத் தேயும். களைத்தால் நிறுத்தலாம் என்ற உரிமையும் தொழிலாளிக்கு இல்லை.

எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் அக்கா ஒருவருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. தினமும் முக்கால் மணி நேரம் வாக்கிங் போகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "விடிஞ்சதிலேருந்து நடந்துகிட்டேதானே இருக்கேன், இதுக்கு மேல எங்க போயி நடக்கிறது?" என்று கேட்டார். சென்னையின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பயணம். பாத்திரம், துணி, தரை துடைப்பது என்று குனிந்தும் குந்தியும் போகிறது பகல். வீடு திரும்பினால் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும். படுக்கும்போது பதினொரு மணி. டாக்டர் சொன்னதில் பிழையில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் அந்த 150 நிமிடத்தை அக்கா எதிலிருந்து எடுப்பார்? தூக்கத்திலிருந்தா, கூலியிலிருந்தா?

வருமானம் உடம்புக்கு முதலில் வாங்கித் தருவது நேரம். ஜிம் சந்தாவும் விலை உயர்ந்த ஷூவும் அதற்குப் பிறகுதான். வேலைக்காரர் வைத்துக்கொள்ளும் வீட்டில் காலையில் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. வேலை செய்யப் போகும் வீட்டில் அதே ஒரு மணி நேரம் குறைகிறது. என் காலை நடையை எனக்குச் சாத்தியமாக்குவது அந்த அக்காவின் கைதான் என்பதை நான் மறக்கக் கூடாது.

நேரத்துக்கு அடுத்தது தட்டு. ரேஷன் அரிசி தமிழ்நாட்டில் பசியை விரட்டியது, அது பெரிய காரியம். ஆனால் அரிசி இலவசமாகக் கிடைக்கும் வீட்டிலும் பருப்பு, காய், மீன், பழம் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கையில் பணம் குறைய, தட்டில் சோறு கூடுகிறது, குழம்பு நீர்க்கிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். இவர்கள் எல்லோரும் வசதி படைத்தவர்களாக இருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 15 மாநிலங்களில் நடந்து, 2017இல் வெளியான நீரிழிவு ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. கிராமங்களில் இன்னும் வசதியானவர்களிடம்தான் சர்க்கரை அதிகம். தமிழ்நாடு போன்ற வளர்ந்த மாநிலங்களின் நகரங்களிலோ கணக்கு தலைகீழாகிவிட்டது, வசதி குறைந்தவர்களிடமே அது அதிகம். பணக்கார நோய் என்ற பழைய பெயர் இங்கே செல்லாது.

அதனால், மெலிந்து சுறுசுறுப்பாக இருப்பவரைக் கட்டுப்பாடு உள்ளவர் என்றும், மூச்சு வாங்குபவரைச் சோம்பேறி என்றும் தீர்ப்புச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். விடாமுயற்சிக்கு மதிப்பு உண்டு. ஆனால் முயற்சி செய்ய நேரமும் இடமும் தெம்பும் சிலருக்கு மட்டுமே வாய்த்திருக்கின்றன.

செய்யக்கூடியவை இருக்கின்றன, சிலவற்றைத் தமிழ்நாடு செய்தும் இருக்கிறது. நாள் முழுக்க நின்றே வேலை செய்த கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை தொடங்கப்பட்டது. அந்த இருக்கை கடையின் மூலையில் காட்சிக்கு நிற்காமல் ஊழியருக்குப் பயன்பட வேண்டும். பாதையும் பூங்காவும் உழைப்பவர்கள் வாழும் குடியிருப்புகளுக்குள், இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெண் அச்சமின்றி நடக்கும்படி வெளிச்சத்தோடு வர வேண்டும். அரசுப் பள்ளியின் பி.இ.டி. வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கக் கூடாது. ஏழைப் பிள்ளை தனக்காக ஓடி விளையாட வாய்ப்பது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரம்தான்.

நம் வீட்டளவிலும் ஒன்று செய்யலாம். வேலைக்கு வருபவருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். எந்த மருந்துக்கும் முன்னால் அந்த உடம்புக்குத் தேவைப்படுவது ஓய்வு. அதைக் கொடுக்கும் வசதி இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு இருக்கிறது.