அக்காவும் ஷொக் அப்சோபரும்

சம்பளப் போராட்டம், மண்சரிவு, தேர்தல் என்று மலையகத்தைப் பற்றி முப்பத்தைந்து ஆண்டுகள் பத்திரிகையில் எழுதியவன் நான். ஒரு காரின் ஷொக் அப்சோபரைப் பற்றி எழுத நேரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. இதுவும் மலையகத்தைப் பற்றியதுதான் என்பது எழுதத் தொடங்கிய பின்பே விளங்கியது.

தங்கையின் மகன் கனடாவுக்குப் புறப்பட்டபோது தன் காரை என்னிடம் விட்டுச் சென்றான். 1990களின் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ். இரண்டு லீட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் விசை. 1995இல் கொலின் மெக்ரே உலக ரலி சம்பியனானது இந்த இனத்துக் காரில்தான் என்று மருமகன் நூறு முறையாவது சொல்லியிருப்பான். வேறு காரைத் தேடவும் வழியிருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதற்குப் பின்னரும் அந்த விலைகள் ஓய்வுபெற்ற பத்திரிகையாளனுக்கு உரியவை அல்ல.

தெமோதரையை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லயிலிருந்து வரும் ரயில், 1921இல் முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து தெமோதரை நிலையத்தில் நிற்கும். பின்னர் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தால் பதுளையை நோக்கிச் செல்லும். சரிவைப் பயணிக்கு நோகாமல் இறக்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. தோட்டத்துப் பாதைக்கு அப்படி எவரும் யோசிக்கவில்லை. கொழுந்து லொறியும் துரையின் ஜீப்பும் போனால் போதும் என்று வெட்டிய பாதைகள் அவை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. எங்கள் லயத்துக்கு ஏறும் பாதையின் கல்லும் குழியும் அப்படியேதான் இருக்கின்றன.

அந்த லயத்தில்தான் என் அக்கா இருக்கிறார். முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகு அவருடையது. மாதம் ஒருமுறை பதுளையில் கிளினிக். கார் கைக்கு வந்ததும், இனி நானே அழைத்துச் செல்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். மூன்று மாதம் அழைத்தும் சென்றேன். மருமகன் காரைத் தாழ்த்துவதற்காகக் குட்டையான, இறுக்கமான ஸ்பிரிங் போட்டிருந்தான். ஷொக் அப்சோபர்களோ ஒயில் கசிந்து செத்திருந்தன. ஒவ்வொரு குழியிலும் கார் இடிபட்டு, பின்பு இரண்டு மூன்று தடவை துள்ளும். அக்கா முன் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி வருவார். வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை.

நான்காம் மாதம் காலையில் போய் நின்றபோது, “தம்பி, நான் பஸ்ஸிலேயே போய்க்கிறேன். ஒனக்கு எதுக்கு வீண் செலவு” என்றார். பஸ் ஏறும் இடத்துக்கு இறங்குவதற்கே அவருக்கு முக்கால் மணி நேரமாகும். அன்று அவர் கிளினிக்குக்கே போகவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வலிக்கிறது என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அது எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

முதலில் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான்களைத் தேடினேன். ஒரு கடையில் கறுப்புப் பெயின்ற் மினுங்க நான்கு கிடைத்தன. ஊருக்குக் கொண்டுவந்து ஹாலிஎலயில் எனக்குத் தெரிந்த பாஸிடம் காட்டினேன். அவர் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதன் தண்டை அழுத்தினார். பாதி தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. துணியால் துடைத்தபோது தண்டில் துருக்குழிகள் தெரிந்தன. அந்தக் குழிகள் சீலை அறுக்கும், சீல் போனால் ஒயில் போகும். “பாவிச்ச ஸ்பிரிங் வாங்கலாம் மாத்தயா, வெடிப்பும் தொய்வும் இல்லாட்டி. பாவிச்ச ஷொக் மட்டும் வாங்கவே வேணாம்” என்றார்.

அடுத்து மருமகனிடம் கேட்டேன். உயரத்தையும் இறுக்கத்தையும் திருகி மாற்றக்கூடிய போட்டி வகையைத்தான் போட வேண்டும் என்று கனடாவிலிருந்து எழுதினான். தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்தவன் அவன். 2024 ஏப்ரல் 21 அன்று அதே பந்தயத்தில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதன் காரணங்களை நான் இங்கே ஆராயவில்லை. பந்தயக் கார் பந்தயத்துக்கென்றே அமைக்கப்படுவது, எங்கள் வண்டிக்கு அந்த வேலை இல்லை என்று மட்டும் அவனுக்குப் பதில் எழுதினேன்.

பாஸ் கேட்டது வேறு கேள்வி. “கார்ல யார் போறது? எந்த ரோட்டுல போறது? அதைச் சொல்லுங்க, பிறகு சாமானைப் பேசுவம்.”

அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். ஷொக் அப்சோபர் என்ற பெயரே சற்றுப் பிழையானது. குழியின் அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய ஸ்பிரிங் ஊஞ்சல்போல ஆடாமல் நிறுத்துவதே ஷொக்கின் வேலை. ஒயில் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன் ஓட, சிறு துவாரங்கள் வழியே ஒயில் நெருக்கிப் பாய்கிறது. ஆட்டம் வெப்பமாக மாறி அடங்குகிறது. அது செத்துப்போனால் டயர் பாதையை விட்டு எழும்பும். எழும்பிய டயருக்குப் பிறேக்கும் இல்லை, வளைவும் இல்லை. ஆகவே இது சொகுசு மட்டும் அல்ல.

வகை இரண்டு. ஒற்றைக் குழாய் வகையில், உயர் அழுத்த நைதரசன் வாயு ஒரு மிதக்கும் பிஸ்டனால் ஒயிலிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும். ஒயில் நுரைக்காது, சூடு விரைவில் ஆறும், வேகத்தில் உறுதியாக நிற்கும். 1957இல் பில்ஸ்டைன் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு வழங்கியது இந்த வகையை. ஆனால் பிஸ்டன் உரசி ஓடுவது வெளிக்குழாயின் உட்சுவரில். பாதைக்கல் தெறித்து அதை நசுக்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் வகையில் பிஸ்டன் உட்குழாயில் ஓடுவதால் வெளியே விழும் சிறு நசுங்கல் அதைத் தொடாது. நீண்ட நேரக் கடும் ஓட்டத்தில் அது தளரலாம், ஆனால் சிறு அதிர்வுகளில் மென்மையானது. மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில் கல்லின்மேல் ஊர்பவருக்கு எது வேண்டும் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கயாபா நிறுவனத்தின் இரட்டைக் குழாய் வகையில் நான்கு புதியவை வாங்கினேன். நான்கும் ஒருசேரத் தேய்ந்திருந்ததால் நான்கையும் மாற்றினோம். இல்லாவிட்டாலும் முன்னிரண்டு அல்லது பின்னிரண்டு என்று சோடியாகவே மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், தாழ்த்திய ஸ்பிரிங்கைக் கழற்றி மூல உயரத்து ஸ்பிரிங்கைப் போட்டது. குட்டை ஸ்பிரிங்கில் சக்கரம் மேலே எழ இடமே இராது. எவ்வளவு விலையுயர்ந்த ஷொக் போட்டாலும் அடிக்கட்டை இறப்பரில் போய் இடிக்கும். மேலே தாங்கும் இறப்பர் மவுண்டையும் புதிதாக்கினோம். கடைசியில் பதுளையில் சக்கர அலைன்மென்ற். இந்தக் காரில் ஷொக் தண்டே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதால் அதைத் தவிர்க்க முடியாது. செலவு ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது.

கார் இப்போது உயரமாக, சற்று அழகு குறைந்து நிற்கிறது. படத்தைப் பார்த்த மருமகன் வருத்தப்பட்டான். வளைவில் முன்பைவிடச் சற்றுச் சாய்கிறது என்பதும் உண்மை.

அடுத்த கிளினிக் நாளில் அக்காவை வற்புறுத்தி ஏற்றினேன். போகும்போதும் வரும்போதும் அவர் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கைகள் மடியில் இருந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். லயத்து வாசலில் இறங்கிய பிறகுதான் கேட்டார்: “தம்பி, வாற மாசம் பக்கத்துக் காம்பரா பெரியம்மாவையும் ஏத்திக்கலாமா? அவுங்களுக்கும் முதுகுதான்.”

இப்போது மாதம் ஒருமுறை பின்னிருக்கையில் இருவர் வருகிறார்கள்.