பந்தி பரிமாறுவோர் கற்பது

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஆலயங்கள் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையையொட்டி நடைபெறும் அசனம், அதாவது சபையார் கூடிச் சமைத்து ஊரோடு சேர்ந்து உண்ணும் பொதுவிருந்து, கூலி பெறாத கைகளை நம்பியே நிற்கிறது. தலைமைச் சமையற்காரர் ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்ளும் சபைகளும் உண்டு. ஆயினும் முந்தின இரவே அமர்ந்து வெங்காயம் உரிப்பதும், காய் நறுக்குவதும், விறகு சுமப்பதும், வடித்த சோற்றைப் பாயில் கொட்டி ஆறவைப்பதும், வந்தவர்களை அமரச்செய்து பரிமாறுவதும், வர இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் பாத்திரங்களில் கொடுத்தனுப்புவதும் சபை மக்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளும் வேலைகள்.

ஆலயத் தொண்டு மனிதரை வளர்க்கும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த வளர்ச்சி எவ்வழியாக வருகிறது என்பதை அசனக் களத்தில் தெளிவாகக் காணலாம். சென்னையிலோ மும்பையிலோ பலருக்குக் கட்டளையிடும் பதவியில் இருந்துகொண்டு பண்டிகைக்காக ஊர் திரும்பும் ஒருவர், அடுப்படியில் பனைத் தொழிலாளி ஒருவர் சொல்வதைக் கேட்டு அண்டாவைத் தூக்கவும், எந்தப் பந்திக்கு எவ்வளவு சோறு எடுப்பது என்பதைச் சமையல் அறிந்த மூதாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நேர்கிறது. பதவிக்கு இங்கே வேலையில்லை, வேலை தெரிந்தவருக்கே சொல் உண்டு. பிறர் சொற்படி மனம் சுருங்காமல் உழைக்கும் இந்தப் பழக்கத்தை அலுவலகமும் கல்விக்கூடமும் எளிதில் தருவதில்லை.

நன்றியுணர்வும் இங்கேதான் பிறக்கிறது. கொடுப்பவருக்குத் தம் கொடையை எண்ணி ஏற்படும் மனநிறைவை நன்றி என்று கொள்வது பிழை. தாம் முன்பே பெற்றுக்கொண்டவர் என்று ஒருவர் உணர்வதே நன்றியின் தொடக்கம். சிறுவயது முதல் பந்தியில் அமர்ந்து உண்டுவந்தவர், ஓராண்டு புகையிலும் வெம்மையிலும் நின்ற பிறகே, தம் இலைக்கு வந்த சோற்றின் பின்னால் யாரோ ஒருவர் உறங்காமல் கழித்த இரவு இருந்ததை அறிகிறார். ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லித்தரத் தொடங்கும் இளைஞருக்கும், சனிக்கிழமை மாலைகளில் ஆலயத்தைப் பெருக்கும் பெண்ணுக்கும் இந்த அறிவு இவ்வாறே வந்து சேர்கிறது: தமக்கு முன் அதைச் செய்தவர்களின் முகங்கள் அப்போதுதான் நினைவுக்கு வருகின்றன, அவர்களுள் பலருக்கு நன்றி சொல்லும் வாய்ப்பு கடந்துபோயிருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றில் பந்தி என்பது எளிய பொருளன்று. சபைகளுக்குள் சாதி வேற்றுமை பாராட்டலாகாது என்று கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினர். 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியர்கள் சாதி பாராது ஒன்றாக அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்தில் பங்கெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியதால் உபதேசியார், அதாவது குருவானவர் இல்லாத ஊர்களில் சபையை நடத்தும் ஊழியர், பலர் பணியிழந்தனர். விசுவாச அறிக்கையைப் பிழையின்றிச் சொல்லத் தெரிந்தவர்களும் அடுத்தவர் சமைத்ததை உண்ணும் இடத்தில் தடுமாறினார்கள் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. சாதி இன்றும் சபைகளை விட்டு அகன்றுவிடவில்லை. ஆதலால் யார் சமைத்தது, யார் பரிமாறுவது, யார் யாருக்கு அருகில் அமர்வது என்ற கேள்விகள் எழாத ஓர் அசனம், அதை நடத்தும் கைகள் அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், பெரிய காரியம்.

ஆதித் திருச்சபையிலும் இச்சிக்கல் உணவை ஒட்டியே எழுந்தது. எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டதையும், அதற்கென ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டதையும் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அவர்களுள் ஒருவரான ஸ்தேவான், பந்தி விசாரிப்புக்கென நியமிக்கப்பட்டவராயினும், அந்நூலிலேயே மிக நீண்ட உரையை ஆற்றுபவராகவும், பின்பு திருச்சபையின் முதல் இரத்தசாட்சியாகவும் வளர்ந்து நிற்கிறார். சிறிய பணிக்கென்று அழைக்கப்பட்டவர் அங்கேயே பெரியவராவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

நன்றி ஒரு தனிமனிதரின் நெஞ்சோடு நின்றுவிடாமல் ஒரு சமுதாயத்தின் செயலாக மாறியதற்கும் நெல்லைச் சீமையே சான்று. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நெடுங்காலம் அயல்நாட்டு மிஷன்களிடமிருந்து பெற்றுவந்த மக்கள், 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவி, இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையோடு ஐதராபாத் நிசாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஆட்களை அனுப்பினார்கள். அதன் முதற்செயலாளரான வே. ச. அசரியா, வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர், பிறரை அனுப்பியதோடு அமையாமல் 1909-இல் தாமே அங்கு சென்று, தெலுங்கு கற்று, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பெற்றவர்கள் கொடுப்பவர்களாக மாறிய இந்தத் திருப்பத்துக்குப் பெருஞ்செல்வம் காரணமன்று. ஒவ்வொரு வேளையும் உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்தில் சேர்க்கும் பிடி அரிசிக் காணிக்கை போன்ற வழக்கங்களால், கையில் காசில்லாத பெண்களும் கொடுப்போர் வரிசையில் நின்றார்கள். மிசோரத்துப் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்களும் 1910 முதல் இவ்வாறே அரிசி சேர்த்துத் தங்கள் சபையின் பணிகளைத் தாங்கிவருகிறார்கள்.

தொண்டு கெட்டுப்போகும் வழியும் உண்டு. இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்ட மார்த்தாள், வேலை மிகுதியால் வருந்தி, உதவாத சகோதரியைப் பற்றி முறையிட்டதாக லூக்கா எழுதுகிறார். அவளுடைய உழைப்பில் குறையில்லை, தன் உழைப்பைப் பிறர் உழைப்போடு ஒப்பிட்டதிலேயே அவள் அமைதி குலைந்தது. தொண்டு உரிமையாகவும், உரிமை பதவியாகவும் மாறி, சேகரத் தேர்தல்களில், அதாவது பல கிராமச் சபைகளை இணைத்து ஒரு குருவானவரின் பொறுப்பில் வைத்த நிர்வாகப் பிரிவின் தேர்தல்களில், பகையாக முடிவதைச் சபைகள் அறியும். இதற்கு மாற்று, யாரும் பெயர் சொல்லிப் பாராட்டாத வேலைகளில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. பரிமாறுவதற்குப் பலர் முன்வருவார்கள், ஏனெனில் பரிமாறுபவரை எல்லாரும் பார்க்கிறார்கள்; எச்சிலிலை எடுப்பதற்கும், மறுநாள் காலையில் அடிப்பிடித்த அண்டாவைத் தேய்ப்பதற்கும் வருகிறவர்கள் சிலரே. சபையில் பொறுப்புக்கு வர விரும்புவோரை முதலில் அந்தச் சிலரோடு சேர்ப்பதும், மூத்த பொறுப்பாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவ்விடத்துக்குத் திரும்பி வருவதும் எந்தச் சபையாலும் செய்யக்கூடியவை. சில கிராமங்களில் குருவானவரே இலை எடுக்க இறங்கிவிடுவதால், அங்கே அந்த வேலைக்கு ஆள் தேட வேண்டியிருப்பதில்லை.