சீட்டில் சுற்றிய டியூப்

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு அரசு சைக்கிள் கிடைத்தது. 2001-02இல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கென்றே தொடங்கிய திட்டம் அது. மற்றவர்களுக்குப் பிறகுதான் வந்தது. இதை இப்போது வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சீட் கெட்டிப் பிளாஸ்டிக். பாவாடை தாவணியோடு உட்கார்ந்தால் வழுக்கும். மேட்டில் மிதித்தால் முன்னால் சரிந்துவிடுவேன். அப்பா பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கிவந்தார். கோணியை மடித்து சீட்டின்மேல் வைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய டியூபை இழுத்திழுத்துச் சுற்றி, நுனியை அடியில் ஸ்பிரிங்கில் முடிந்தார். வெயிலில் நிறுத்தினால் சுடும், சீருடையில் கறுப்பு ஒட்டும் (அதற்கு அம்மாவிடம் தினமும் திட்டு). ஆனால் வழுக்கவில்லை.

பள்ளிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டவேண்டும். அங்கே அப்பா சைக்கிளில் உட்கார்ந்து போய் நான் பார்த்ததில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். முதல் வாரம் என்னையும் அப்படியே போகச் சொன்னார். டியூப் சுற்றிய மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை.

திண்ணையிலிருந்து ஒரு குரல்: “எறங்கிப் போனா என்ன?”

கால் தானாகத் தரையைத் தேடியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

சாயங்காலம் அப்பா கேட்டார்: “சீட்டு வழுக்குச்சாம்மா?”

“இல்லப்பா.”